நாலாவது கோடு வரைக்கும்

என் அண்ணி எதையும் லேசில் நம்ப மாட்டார். பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பார். பிறகு அந்தத் தேதியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். அழிந்தால் சந்தேகம். அழியாவிட்டால், "இவ்வளவு அழுத்தமா எதுக்கு அடிச்சிருக்கான்?" என்று இன்னொரு சந்தேகம். வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அண்ணி தான் இழுத்துப் பார்த்துவிட்டு என்னையும் இழுக்கச் சொல்வார். நான் சரியாக இழுத்தேனா என்று பார்க்க மறுபடியும் இழுப்பார். "எங்க கல்யாணத்துல போட்டோக்காரர் சிரிங்கன்னு சொன்னார். எதுக்குன்னு கேட்டவ இவ" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவர் மீதே சந்தேகம் விழுந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கணக்கு பிடிக்காதவர்கள் ஓடிவிட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையின் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறார். தரை துடைப்பது, கட்டில்களைத் துடைப்பது, அழுக்குத் துணிகளைப் பிரித்து மூட்டை கட்டுவது. வீட்டில் எங்களைப் படுத்தும் சந்தேகப் புத்தி அங்கே நன்றாகவே உதவியது. மற்றவர்கள் கட்டிலைத் துடைப்பார்கள். அண்ணி கட்டில் சக்கரத்தின் உள்பக்கத்தைத் துடைப்பார். "வெளிய பளபளன்னு இருக்கற இடந்தான் ஆபத்து" என்பார். ஆனால் குனிந்து நிமிர்ந்தே அவருடைய முட்டி தேய்ந்துவிட்டது. இந்த வேலையை இப்படியே செய்துகொண்டிருந்தால் நடப்பதே சிரமமாகிவிடும் என்று அந்த மருத்துவமனையின் டாக்டரே சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வர வேண்டுமானால் ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். எந்தப் பிரிவில் வேலை பார்ப்பவராக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் இருக்கும், ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும், கம்ப்யூட்டர் திருத்தும். தேறினால் அண்ணி நின்றபடி மற்றவர்களின் வேலையைப் பார்க்கலாம். தேறாவிட்டால் முட்டி தாங்குகிற வரைக்கும் துடைக்க வேண்டும், அதன் பிறகு வேலையே இல்லை. அதனால் அந்தத் தேர்வு எங்கள் வீட்டில் விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை.

நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "சும்மா நடக்கறதுக்கு அவளுக்குக் கணக்காவது சொல்லிக்கொடு" என்றான் அண்ணன். அப்படித்தான் நான் அண்ணிக்கு வாத்தியார் ஆனேன். அன்றிலிருந்து அண்ணி என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். படிக்கும் பகுதி அண்ணிக்குச் சுலபமாக வந்தது. விகிதக் கணக்கு வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

"ஒரு வகுப்பில் ஆண்களும் பெண்களும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கிறார்கள். மொத்தம் முப்பது பேர். ஆண்கள் எத்தனை பேர்?" என்று படித்தேன்.

"மொத்தம் முப்பதுன்னு எண்ணத் தெரிஞ்ச வாத்தியாருக்குப் பசங்க எத்தனைன்னு எண்ணத் தெரியாதா?"

"அண்ணி, இது கணக்கு."

"கணக்குதான். ஆனா இந்த ஆளு எதையோ மறைக்கறாரு."

அப்படிச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு என்று சரியாகப் போட்டார். அப்பா வயதுக்கும் மகன் வயதுக்கும் உள்ள விகிதம் வந்தால், "இவங்க வீட்டுல பிறந்த தேதியே யாரும் எழுதி வைக்கலையா?" என்று கேட்டுவிட்டு அதையும் சரியாகப் போட்டார். பிறகு இந்தக் கணக்கு வந்தது. ஒரு பாத்திரத்தில் பாலும் நீரும் ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் கலந்திருக்கின்றன. கலவை மொத்தம் நாற்பது லிட்டர். பால் எவ்வளவு?

"பத்து லிட்டர். முதல்ல அந்தப் பால்காரனைப் புடிச்சு உள்ள போடணும்" என்றார் அண்ணி.

விடை எட்டு. பால் ஒரு பங்கு, நீர் நான்கு பங்கு, ஆக மொத்தம் ஐந்து பங்கு. நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு. பொறுமையாக எழுதிக் காட்டினேன். அண்ணி தலையாட்டினார். மறுநாள் பாலுக்குப் பதில் எண்ணெய் வந்தது, எண்ணிக்கையும் மாறியிருந்தது, மறுபடி தப்பு. அதற்கடுத்த நாளும் தப்பு. வகுப்பையும் வயதையும் போட்டவருக்கு எண்ணெயும் தண்ணீரும் மட்டும் ஏன் வரவில்லை? பால்காரன் மேல் இருக்கும் கோபத்தில் கணக்கைக் கோட்டை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணியுடன் அதே பிரிவில் வேலை பார்த்த இன்னொருவரும் அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணியைவிட மூத்தவர், கழிவறைகளைக் கழுவுவது அவர் பொறுப்பு. எல்லோரும் அவரைக் கிளவுஸ் அக்கா என்பார்கள். டீ குடிக்கும்போதுகூட அவர் கையுறையைக் கழற்ற மாட்டார். "தூங்கறப்பவும் போட்டுக்குவீங்களா அக்கா?" என்று கேட்டால், "குளிக்கறப்ப மட்டும் கழட்டுவேன், அதுவும் கண்ணை மூடிக்கிட்டு" என்பார். கைக்கு என்ன என்று கேட்டால், தன் தோல் பிறவியிலேயே அப்படி என்று ஒரு வரியில் பேச்சை முடித்துவிடுவார்.

ஒருநாள் மாலை அண்ணி பால்கனியில் நின்று போனில் கிளவுஸ் அக்காவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன்.

"நாப்பதுல ஒண்ணுக்கு நாலு... ஆமாக்கா... எனக்கும் பத்துதான் வந்துது. இவ என்னடான்னா எட்டுங்கறா."

என்னைப் பார்த்ததும் அண்ணி பேச்சை மாற்றினார்.

அப்போது ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. அந்தத் தேர்வுக்கான விடைகளை யாரோ ரகசியமாக விற்கிறார்கள் என்று. நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேருக்குச் சரியான விடை ஒன்றாக வந்தால் அது இயல்பு. தவறான விடை இரண்டு வீட்டில் ஒரே மாதிரி எப்படி வரும்? இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து ஏதோ வந்திருக்க வேண்டும். அதுவும் தப்பும் தவறுமாக. அன்றிலிருந்து அண்ணியின் கைப்பை மேசைமேல் இருந்தால் என் கண் அதன் மேலேயே நின்றது. போன் வந்தால் காது நீண்டது. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"அண்ணி, உங்க ரெண்டு பேருக்கும் யாராவது விடை கொடுத்திருக்காங்களா?"

அண்ணி புத்தகத்தை மூடினார். "பூட்டை இழுத்துப் பாக்கலாம். ஆளை இழுத்துப் பாக்கற பழக்கம் எனக்கே கிடையாது" என்றார். அதற்குப் பிறகு தனியாகவே படித்தார். டீச்சரம்மா என்ற வார்த்தை வீட்டில் கேட்கவே இல்லை.

தேர்வு முடிந்தது. பணியாளர் எண் வரிசையில் உட்கார வைத்ததால் அண்ணியும் கிளவுஸ் அக்காவும் அடுத்தடுத்த இருக்கையில் எழுதினார்கள். முடிவு வருவதற்குப் பதிலாகத் தேர்வு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இருவருடைய விடைத்தாள்களும் சந்தேகத்துக்கு உரியவையாக இருக்கின்றன, விசாரணைக்கு வர வேண்டும் என்றார்கள்.

அன்று சாப்பிடும்போது அண்ணன் மெதுவாக ஆரம்பித்தான். "பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அப்படியே தெரியாம கண்ணு அந்தப் பக்கம்..."

"இத்தனை வருஷத்துல உங்க தட்டையாவது நான் எட்டிப் பாத்திருக்கேனா?"

"உப்பு சரியா இருக்கான்னு என் தட்டுலதானே முதல்ல பாப்ப?"

அண்ணன் மட்டும் சிரித்தான். பாதியிலேயே அவனும் நிறுத்திக்கொண்டான். அண்ணி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. வேன் ஓட்டும் அண்ணனுக்கு மறுநாள் விடுமுறை கிடைக்காது. "கணக்கு தெரிஞ்சவ நீ. நீ கூடப் போ" என்று என்னிடம் சொன்னான். அண்ணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரியிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. தாளைப் பார்க்க ஒன்று, ஆளைப் பார்க்க ஒன்று.

"சரியான விடை ஒத்துப்போனா நாங்க கூப்பிட மாட்டோம். சரி ஒண்ணுதான் இருக்கு. தப்பு மூணு இருக்கு. கலவைக் கணக்கு அத்தனையிலயும், அந்த மூணு தப்புல ஒரே தப்பை நீங்க ரெண்டு பேரும் எப்படிப் புடிச்சீங்க?"

"அது எங்க ராசி சார்" என்றார் கிளவுஸ் அக்கா.

அதிகாரி சிரிக்கவில்லை. "பாத்து எழுதினதா முடிவாச்சுன்னா ரெண்டு பேருமே இனிமே இந்தத் தேர்வை எழுத முடியாது. எப்பவுமே."

அண்ணி தன் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "நான் யாரையும் பாக்கல சார். எனக்கு என்னையே முழுசா நம்பத் தெரியாது. அடுத்தவங்க எழுதினதை நம்பி எழுதுவேனா?"

எனக்கு அது பட்டென்று உறைத்தது. உண்மைதான். சுவரில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தையும் பார்ப்பவர், பக்கத்துத் தாளில் இருப்பதை அப்படியே நம்பிவிடுவாரா? அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு கணக்கிலும்?

அதிகாரி எங்களை வெளியே உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் தனித்தனி அறையில் புதுக் கணக்கு கொடுப்பதாகச் சொன்னார். அண்ணி தண்ணீர் குடிக்க வராந்தாவின் கோடிக்குப் போனார். நான் கிளவுஸ் அக்காவிடம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தப் பால் கணக்கை நீங்க எப்படித்தான் போடறீங்க? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று என் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். அதில் வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. கையுறை போட்ட விரலால் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டார். "எங்க கேன்லயும் இப்படித்தான் கோடு போட்டிருக்கும். ஒண்ணுக்கு நாலுன்னா, ஒண்ணாவது கோடு வரைக்கும் மருந்து. அப்புறம் நாலாவது கோடு வரைக்கும் தண்ணி. அவ்வளவுதான். நாப்பது லிட்டர்னா கோட்டுக்குப் பத்து."

தரை துடைக்கும் கிருமிநாசினியைத்தான் அவர்கள் மருந்து என்பார்கள்.

"அப்போ ஆம்பளைப் பசங்க, பொண்ணுங்க கணக்கு?"

"அவங்களை எப்படிடீ ஒருத்தர் மேல ஒருத்தரை ஊத்த முடியும்? அவங்க தனித்தனியா நிப்பாங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புத்தகம் ஒன்றுக்கு நான்கு என்றால் ஒரு பங்கு பால், நான்கு பங்கு தண்ணீர், மொத்தம் ஐந்து. கேனில் ஒன்றுக்கு நான்கு என்றால் மொத்தமே நான்கு. அதில் ஒன்று மருந்து, மீதி மூன்றுதான் தண்ணீர். வருடக்கணக்காக அந்தக் கேனைப் பிடித்த கைகள் அவை. ஊற்றுகிற பொருள் எது வந்தாலும் கை கேனைத் தேடிப் போகிறது. ஊற்ற முடியாத பொருள் வந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. விடையை யாரும் விற்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை.

அண்ணி திரும்பி வந்து என் முன்னால் நின்றார். நெடுநாளைக்குப் பிறகு கணக்கைப் பற்றிப் பேசினார்.

"நான் போட்டது தப்புன்னு அவரே சொல்லிட்டாரு. உள்ள கூப்பிடறதுக்குள்ள சட்டுனு சரியா சொல்லிக்கொடு. மறுபடி தப்பாப் போட்டா மானம் போயிடும்."

இப்போது சொல்லிக்கொடுத்தால் அண்ணிக்குப் புரிந்துவிடும். உள்ளே போய்ச் சரியாகப் போடுவார். இன்று தனி அறையில் சரியாகப் போடத் தெரிந்தவர் அன்று மட்டும் ஏன் பக்கத்து இருக்கையின் தப்பையே போட்டார் என்று அதிகாரி கேட்பார். அதற்கு எங்களிடம் பதில் இருக்காது. அந்தத் தப்பு மட்டும்தான் அண்ணிக்குச் சாட்சி. அதை நானே கலைத்துவிடக் கூடாது. ஏன் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அது இயல்பாக வரும் தப்பாக இருக்காது.

"எப்பவும் போடற மாதிரியே போடுங்க அண்ணி."

"எப்பவும் போடறதுதான் தப்புங்கறாரே?"

"ஆமா."

"அப்போ தெரிஞ்சே தப்பாப் போடச் சொல்றியா?"

"இல்ல. கணக்கைப் படிங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதுங்க. எனக்காகவும் மாத்தாதீங்க, அவருக்காகவும் மாத்தாதீங்க."

அண்ணி என்னைப் பால் பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் முகத்தில் தேதியைத் தேடுகிறார் என்று தோன்றியது.

"விடை வாங்கினியான்னு என்னையே கேட்டவ நீ. இப்ப உன்னை நான் எதை வெச்சு நம்பறது?"

கதவு திறந்தது. அண்ணியை ஓர் அறைக்கும் கிளவுஸ் அக்காவை இன்னோர் அறைக்கும் அழைத்துப் போனார்கள். நான் பாட்டிலின் வளையங்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி என்ன எழுதுவார்? நான் சொன்னதாலேயே அதற்கு நேர்மாறாக எழுதிவிடுவாரோ? அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

பிறகு எங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி முன் இரண்டு தாள்கள் இருந்தன. ஒரு பேருந்தில் நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் பற்றிய முதல் கணக்கை இருவரும் சரியாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவது, பழச்சாறும் நீரும் இரண்டுக்கு ஐந்து, கலவை முப்பத்தைந்து லிட்டர், சாறு எவ்வளவு? விடை பத்து. அண்ணி எழுதியிருந்தது பதினான்கு. கிளவுஸ் அக்கா எழுதியிருந்ததும் பதினான்கு.

அண்ணி என்னை நம்பியிருந்தார். அல்லது அவர் கை அவரை விடவில்லை. எதுவென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதிகாரி கண்ணாடியை மாற்றினார். "இந்தத் தடவை நான் நாலு விடை கொடுக்கல. ஒண்ணுமே கொடுக்கல. இருந்தும் ரெண்டு பேருக்கும் பதினாலு. வெளியில உக்காந்து பேசி வெச்சீங்களா?"

"நீங்க இப்பதானே இந்தக் கணக்கை எழுதினீங்க சார். அதை எப்படிப் பேசி வெக்க முடியும்?" என்றேன். பாட்டிலை மேசைமேல் வைத்துக் கோடுகளைக் காட்டிக் கேன் விஷயத்தைச் சொன்னேன். முப்பத்தைந்தை ஐந்து கோடாகப் பிரித்தால் கோட்டுக்கு ஏழு, இரண்டாவது கோடு வரைக்கும் பதினான்கு என்று வகுத்தும் காட்டினேன். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டார்.

"நல்லா இருக்கு. கதை கட்டறவங்க எல்லாரும் இப்படித்தான் ஒரு பாட்டிலோட வருவாங்க."

அவரும் அண்ணியைப் போன்ற ஆள்தான் என்று அப்போது தெரிந்தது. போனை எடுத்து மருத்துவமனையின் எண்ணைக் கேட்டு, சுத்தம் செய்யும் பிரிவுக்கு இணைப்பு கேட்டார். ஒலிபெருக்கியைப் போட்டார். யாரோ ஒரு பெண் எடுத்தார். பின்னணியில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது.

"தரை துடைக்கற மருந்து ஒண்ணுக்கு நாலுன்னா எப்படிக் கலப்பீங்க?" என்றார் அதிகாரி.

"இது ஒரு கேள்வியா? ஒண்ணாவது கோடு வரைக்கும் மருந்து, நாலாவது கோடு வரைக்கும் தண்ணி. யாரு பேசறது? புதுசா சேந்த ஆளா? முதல் நாளே போன்ல வேலை கத்துக்கறீங்களா?"

அதிகாரி போனை வைத்தார். கிளவுஸ் அக்கா வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டார்.

"பாத்து எழுதலைன்னு குறிச்சுக்கறேன்" என்றார் அதிகாரி. "ஆனா தப்பு தப்புதான். அந்தக் கணக்குகளுக்கு மதிப்பெண் கிடையாது."

"அதை நாங்க கேக்கவே இல்லையே சார்" என்றார் அண்ணி. எழுந்து, அவர் உண்மையிலேயே குறித்துக்கொள்கிறாரா என்று மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு டீச்சரம்மா. பத்து எப்படி எட்டாகுது?"

சொன்னேன். இந்தத் தடவை கேனில் ஐந்து கோடு போட்டுச் சொன்னேன். அண்ணி உடனே பிடித்துக்கொண்டார். பிறகு என் பாட்டிலை வாங்கிக் கோடுகளை எண்ணிக்கொண்டே வந்தார். இறங்கும் இடம் வருவதற்குச் சற்று முன் கேட்டார்:

"அப்போ எங்க கேன்ல கோடு போட்டது யாரு?"

முடிவு வந்தது. அண்ணி மயிரிழையில் தேறிவிட்டார். முடிவு சரிதானா என்று அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். எடுத்தவர் சொன்னதை நம்பாமல் வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். கிளவுஸ் அக்காவுக்குக் கொஞ்சத்தில் போய்விட்டது. "அடுத்த தடவை எழுதறேன், ஆனா உன் பக்கத்துல உக்கார மாட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னாராம்.

மேற்பார்வையாளராக அண்ணி வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை எனக்குப் போன் வந்தது. மருந்து வைக்கும் அறையிலிருந்து பேசினார். குரல் எதிரொலித்தது.

"கழிவறை மருந்து டின்னுல பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கு. படிக்கறேன், கேளு. ஒரு பங்கு திரவத்துடன் இரண்டு பங்கு நீர் சேர்க்கவும். மொத்தம் மூணு பங்கு, அதுல ஒண்ணு மருந்து. சரியா?"

"சரி அண்ணி."

"நாங்க ரெண்டாவது கோடு வரைக்கும்தான் தண்ணி ஊத்தறோம். அப்போ பாதிக்குப் பாதி மருந்து."

"ஆமா அண்ணி."

"இத்தனை வருஷமா."

கழிவறைகளை யார் கழுவுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணி போனை வைக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். டின்னை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"அக்கா, இங்க வாங்க. அந்தக் கிளவுஸைக் கழட்டுங்க."

"எதுக்கு? என் தோல் பிறவியிலேயே அப்படித்தான்னு எத்தனை தடவை சொல்றது?"

"அதை நான் நம்பல. கையைக் காட்டுங்க."